மெஜந்தா குறைந்த நாள்

என் அப்பா காரியாபட்டியில் மேட்சிங் பிளவுஸ் துணிக்கடை வைத்திருந்தார். சேலையைப் பையில் சுருட்டிக்கொண்டு வரும் பெண்களுக்கு அதே நிறத்தில் ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுப்பதுதான் வியாபாரம். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் கடையில் நிற்பேன். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, மாந்துளிர் என்று அடுக்கில் இருப்பதைப் பார்க்காமலே சொல்லுவேன். வெங்காயத் தோல் ரோஸுக்கும் சாதா ரோஸுக்கும் உள்ள வித்தியாசம் புரியாத மனுசர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணி வெயிலுக்குப் போனால் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அதனால் யார் வந்தாலும் துணியை வாசலில் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்வது எங்கள் கடை வழக்கம்.

மாப்பிள்ளைக்குச் சிவகாசியில் பிரிண்டிங் தொழில் என்று தரகர் சொன்னதும் அப்பாவுக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. கலரோடு வளர்ந்த பிள்ளை கலர் இருக்கிற வீட்டுக்கே போகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

மாப்பிள்ளை குடும்பத்தில் எல்லோரும் ஆஃப்செட் அச்சகம் வைத்திருப்பவர்கள். காலண்டர், பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி லேபிள் என்று தலைமுறையாக ஓடுகிற தொழில். இவர் மட்டும் தனியாகப் பிரிந்து வந்து சாத்தூர் சாலையில் பேனர் அடிக்கும் கடை போட்டிருந்தார். ஆஃப்செட்டில் மை குறைவதையும் கூடுவதையும் மிஷின்மேன் கண்ணால் பார்த்துத்தான் திருத்துவார். இங்கே கம்ப்யூட்டர் சொன்னபடி மை சொட்டும். அந்த வேலைதான் தனக்குப் பிடித்திருந்தது என்று கல்யாணத்துக்கு முன்னால் போனில் பேசியபோது சொன்னார். நான் அதற்குமேல் யோசிக்கவில்லை.

கடை ஆரம்பிக்கும்போது அவருக்கு முன்னால் இரண்டு வழி இருந்திருக்கிறது. அகலமாக, வேகமாக, மலிவாக அடிக்கும் மிஷின் ஒன்று. ரோட்டோரத்தில் தூரத்திலிருந்து பார்க்கும் பெரிய பேனருக்கு அது போதும். இன்னொன்று மெதுவானது, ஆனால் புள்ளி நுணுக்கமாக விழும், பக்கத்தில் நின்று பார்த்தாலும் முகம் முகமாக இருக்கும். எல்லோரும் முதலாவதை வாங்கச் சொன்னார்கள். அவர் இரண்டாவதை வாங்கினார். அதோடு நிறத்தை அளக்கும் கருவி ஒன்றையும் சேர்த்து வாங்கினார். உள்ளங்கைக்குள் அடங்கும், கம்ப்யூட்டர் மவுஸ்போல இருக்கும். நாங்கள் அதை மீட்டர் என்றுதான் சொல்வோம். ஊரில் நாலு பேர் கண்ணால் பார்த்துத் தொழில் செய்யும்போது உனக்கு மட்டும் கண்ணில்லையா என்று அவருடைய அண்ணன் கேட்டாராம். இதை என்னிடம் சொல்லி அவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

கல்யாணமாகி இரண்டாவது மாதத்திலிருந்து நானும் கடைக்குப் போக ஆரம்பித்தேன். பேனர் அடிக்கும் ஃப்ளெக்ஸ் புது ரோல் எது வந்தாலும் அவர் நேராக வேலையைத் தொடங்க மாட்டார். ஒவ்வொரு ஃப்ளெக்ஸும் மையை ஒவ்வொரு விதமாகக் குடிக்கும். பளபளப்பானது ஒரு மாதிரி, மங்கலானது ஒரு மாதிரி, துணி இன்னொரு மாதிரி. அதனால் சின்னச் சின்னக் கட்டங்களாக நூற்றுக்கணக்கான நிறங்களை முதலில் அடித்து, காயவிட்டு, வரிசை வரிசையாக மீட்டரை வைத்து அளப்பார். அந்த அளவுகளைக் கொண்டு கம்ப்யூட்டர் அந்த ரோலுக்கென்று ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும். இந்தச் சிவப்பு வேண்டுமென்றால் இந்த ஃப்ளெக்ஸில் மெஜந்தா இவ்வளவு, மஞ்சள் இவ்வளவு என்று. தொழிலில் அதற்கு ப்ரொஃபைல் என்று பெயர். அவர் ஜாதகம் என்பார்.

மீட்டர் ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று எண் காட்டும். முதல் எண் வெளிச்சம் எவ்வளவு என்று சொல்லும். நடு எண் அது சிவப்புப் பக்கமா பச்சைப் பக்கமா என்று சொல்லும். மூன்றாவது, மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்று. எங்களிடம் வழக்கமாக வரும் கம்பெனிகளின் சிவப்பு, மஞ்சள் எல்லாவற்றுக்கும் இந்த மூன்று எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

நான் எண் பார்க்கிறவள் இல்லை. மிஷினிலிருந்து பேனர் இறங்கும்போதே, "ஏங்க, இந்தச் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் ஓடுது" என்பேன். அவர் பேனரைப் பார்க்க மாட்டார். மீட்டரை எடுத்துக்கொண்டு வருவார். வைத்துப் பார்த்துவிட்டு, நீ சொன்னது சரிதான், மூணு பாயிண்ட் தள்ளியிருக்கு என்பார். முதலில் எனக்கு அது பெருமையாக இருந்தது. போகப் போகக் கோபம் வந்தது. நான் சொல்வதை நம்பாமல்தான் ஒவ்வொரு தடவையும் அளக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எனக்குச் சேலை எடுத்துக் கொடுத்தால் நீலமாகத்தான் இருக்கும். கல்யாணமான முதல் மூன்று வருசத்தில் ஐந்து நீலச் சேலை. நீலம் அவருக்குப் பிடித்த நிறம் என்று என் அம்மாவிடம்கூடச் சொல்லியிருந்தேன்.

நான்காவது வருசம் நான் உண்டாகியிருந்தேன். ஒரு வாய் சோறு தங்கவில்லை. ஒரு வாரம் இங்கே வந்து படுத்துக் கிட என்று அம்மா கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள். அது தீபாவளி சீசன் தொடங்கும் நேரம். எம். புதுப்பட்டியில் இருக்கும் ஒரு பட்டாசு கம்பெனிக்கு நாங்கள்தான் கடை வாசலில் கட்டும் பேனர் அடிப்போம். அந்த வருசம் நாற்பது பேனர். கம்பி மத்தாப்புப் பெட்டியில் இருக்கும் ரோஸ் கவுன் போட்ட சின்னப் பெண்ணின் படம்தான் பேனரிலும். பெட்டியில் இருக்கும் நிறம் அப்படியே பேனரிலும் வர வேண்டும் என்பது கம்பெனியின் ஒரே நிபந்தனை.

மீட்டரை வருசத்துக்கு ஒருமுறை சரிபார்க்க பெங்களூருக்கு அனுப்புவோம். அந்த முறை திரும்பி வரத் தாமதமாகிவிட்டது. அவர் இரண்டு நாள் காத்திருந்தார். மூன்றாம் நாள், ரோல் பழைய ரோல்தான், ஜாதகம் ஏற்கெனவே இருக்கிறது என்று தைரியமாக மிஷினை ஓட்டிவிட்டார். காலையில் ஊசித் துளைகளெல்லாம் ஒழுங்காக மை விடுகிறதா என்று கோடு அடித்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் சரியாக இருந்திருக்கிறது.

அன்று மத்தியானம் நான் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து நேராகக் கடைக்குப் போனேன். உடம்பு கொஞ்சம் தேவலையாக இருந்தது. அவரைப் பார்க்க வேண்டும்போலவும் இருந்தது. பேனர்களைக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பேனர் ஓரத்தில் கயிறு கட்ட ரிங் அடிக்கும் அக்கா சுத்தியலோடு உட்கார்ந்திருந்தார். முன்பு அச்சங்குளத்தில் பட்டாசு ஆபீஸுக்கு வெடி சுற்றப் போய்க்கொண்டிருந்தவர், அந்த வேலை வேண்டாம் என்று எங்களிடம் வந்து சேர்ந்தவர்.

முதல் நாலைந்து பேனர் நன்றாக இருந்தது. அதற்கடுத்து அந்தச் சின்னப் பெண்ணின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடிக்கொண்டே போனது. பத்தாவது பேனரில் காமாலை கண்டதுபோல் இருந்தாள். இருபதாவதில் கன்னமெல்லாம் பச்சை ஓடியிருந்தது. ரோஸ் கவுன் மணல் நிறத்துக்கு வந்திருந்தது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, ரோஸும் சிவப்பும் கொடுக்கும் மெஜந்தா மை சரியாக இறங்கவில்லை.

அவர் என்னைக் கண்டதும் சந்தோஷமாக எழுந்து வந்தார். சாப்பிட்டாயா, பஸ்ஸில் வாந்தி வந்ததா என்று கேட்டார். பிறகு கொடியைக் காட்டினார்.

"நல்லா வந்திருக்குல்ல? மீட்டர் இல்லாமயே ஓட்டிட்டேன்."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்தப் பச்சை முகங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, வேலையை ஒழுங்காக முடித்த நிறைவோடுதான் கேட்டார். மூன்று வருசமாக நான் பார்த்த ஒவ்வொன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. பேனரைப் பார்க்காமல் மீட்டரைத் தேடிப் போனது. நோட்டு நிறைய எண்கள். நீலச் சேலைகள்.

ரிங் அடிக்கும் அக்காவை டீ வாங்கி வர அனுப்பினேன். போகும்போது அவர் என்னிடம் மெதுவாக, "நானும் பாத்தேன்மா. அண்ணாச்சி நல்லாருக்குன்னாக, படமே அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்" என்றார்.

அக்கா போனதும் இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதல் பேனருக்கும் கடைசிப் பேனருக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன். என் குரலிலேயே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். எழுந்து போய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில், கடைசிப் பேனர் கொஞ்சம் வெளுத்திருக்கிறதோ என்று கேட்டார்.

"ஏங்க, உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாதா?"

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் போய் நிறுத்திவிட்டு வந்தார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மூன்றாம் வகுப்பில் மரம் வரையச் சொன்னபோது இலைக்குக் காப்பிப்பொடி நிறம் அடித்ததற்கு வகுப்பே சிரித்திருக்கிறது. அதற்குப் பிறகு கிரேயான் தாளில் இருக்கும் எழுத்தைப் படித்துத்தான் எடுப்பாராம். படிப்பு முடிந்து ரயில்வே பரீட்சையில் பாஸாகி மதுரைக்கு மெடிக்கல் போயிருக்கிறார். புள்ளிப் புள்ளியாக இருக்கும் படத்தைக் காட்டி அதற்குள் என்ன எண் இருக்கிறது என்று கேட்டார்கள். மற்ற பையன்கள் பார்த்த உடனே சொன்னார்கள். இவருக்கு வெறும் புள்ளிதான் தெரிந்தது. வேலை கிடைக்கவில்லை. வீட்டில் பரீட்சையில் மார்க் போதவில்லை என்று சொல்லிவிட்டார். பெற்றவர்களுக்குத் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. ஆஃப்செட் மிஷினில் நின்றால் ஒரே வாரத்தில் வெளியே தெரிந்துவிடும் என்றுதான் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார். எண்ணை வைத்துக்கொண்டே நிறத்தைப் பிடிக்கலாம் என்று எங்கேயோ படித்த அன்றைக்கு அவருக்கு அழுகை வந்ததாம்.

"அந்த நடு எண்ணு இருக்குல்ல, அதுதான் எனக்குக் கண்ணு" என்றார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். உன் அப்பா கடைக்கு வந்து உன்னைப் பார்த்த அன்று, வாசலில் நின்று ஒரு அம்மாவுக்கு இரண்டு துணியை வெயிலில் காட்டிக்கொண்டிருந்தாய், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது, இந்தப் பெண்ணிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று நினைத்தேன் என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்று நினைத்து ஒவ்வொரு நாளும் தள்ளிப் போயிருக்கிறது.

பிறகு என் வயிற்றைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளைக்கும் வந்துருமோன்னுதான் இந்த நாலு மாசமா தூக்கமில்ல" என்றார்.

எனக்குக் கோபப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. மூன்று வருசம் ஒன்றாக வேலை பார்த்திருக்கிறோம், எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. ஆனால் தினமும் ஒரு பயத்தோடு கடையைத் திறந்து, யாரிடமும் கேட்க முடியாமல், ஒரு தவறும் விடாமல் மூன்று வருசம் ஓட்டியிருக்கிறார் என்பதை நினைத்ததும் கோபம் எங்கேயோ போய்விட்டது. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா டீயோடு வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, டீயை மேசையில் வைத்துவிட்டு மறுபடி வெளியே போய் நின்றுகொண்டார்.

மை வரும் குழாயில் காற்று ஏறியிருந்தது. அதனால்தான் காலையில் கோடு சரியாக வந்தும், ஓட ஓட மெஜந்தா குறைந்துகொண்டே போயிருக்கிறது. அதைச் சரிசெய்தோம். மறுநாள் கம்பெனி மேனேஜரைப் பார்க்க எம். புதுப்பட்டிக்கு இரண்டு பேரும் போனோம். மூன்று நாள் கூடுதலாக வேண்டும் என்று கேட்டோம். இவ்வளவு பச்சையாக வந்தது யாருக்குமே தெரியவில்லையா என்று மேனேஜர் கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, கலர் பார்ப்பது என் வேலை, உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போய்விட்டேன், அதனால் வந்த தப்பு என்று சொன்னேன். மேனேஜர் என் வயிற்றைப் பார்த்தார். சரிம்மா, மூணு நாள்ல குடுத்துருங்க என்று முடித்துவிட்டார்.

திரும்பி வரும்போது வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே அவர் சொன்னார். "நீ ஏன் ஒன் மேல போட்டுக்கிட்ட? இனிமே அப்படிச் செய்யாத. கேக்குறவகளுக்கு நானே சொல்லிக்கிருவேன்."

மீட்டர் அடுத்த நாள் வந்துசேர்ந்தது. நாற்பதையும் புதிதாக அடித்துக் கொடுத்தோம். பச்சை முகம் விழுந்த பேனர்களை ரிங் அடிக்கும் அக்கா எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்கும் அச்சங்குளத்தில் அவர் வீட்டு ஆட்டுக்கொட்டகை மேல் அந்தப் பெண் மழையை மறைத்துக்கொண்டு சிரித்தபடி கிடக்கிறாள்.

சீசன் முடிந்ததும் மதுரையில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். ஆண் பிள்ளைக்கு இது அப்பாவிடமிருந்து வராது, பெண் பிள்ளையென்றால் தன் உடம்பில் சுமந்துகொண்டு போகும், ஆனால் அவளுக்கு எல்லா நிறமும் தெரியும் என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். வெளியே வந்ததும் இவர் அந்தப் படம் போட்ட தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எங்களுக்குப் பெண் பிறந்தது.

அதற்குப் பிறகு வேலை மாறியது. அவர் எண்ணைப் பார்ப்பார், நான் நிறத்தைப் பார்ப்பேன். இரண்டு பேரும் சரி என்றால்தான் பேனர் வெளியே போகும். சில நேரம் எண் சரியாக இருக்கும், எனக்கு ஒப்பாது. வெயிலுக்குக் கொண்டுபோனால் நான் சொன்னது சரியாக இருக்கும். சில நேரம் என் கண் அசந்திருக்கும். சாயங்காலம்வரை சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் கண்ணும் ஏமாறும். மீட்டருக்கு அசதி கிடையாது. முன்பு அவர் அளந்தபோது வந்த கோபம் இப்போது வருவதில்லை. நான் சொன்னதை நம்பாமல் அவர் அளக்கவில்லை, நான் சொன்னதைத் தானும் பார்ப்பதற்காக அளந்திருக்கிறார்.

பெண்ணுக்கு நாலு வயதானபோது பழைய மிஷினை மாற்ற சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போனோம். ஒரு மிஷினில் வழக்கமான நாலு மையோடு ஆரஞ்சும் பச்சையும் இருந்தது. இன்னொன்றில் இளம் நீலமும் இளம் மெஜந்தாவும். விற்பனைக்காரர் பழக்கூடையும் கிளியும் அடித்துக் காட்டினார். பளிச்சென்றுதான் இருந்தது. இவர் நாங்கள் கொண்டுபோன எங்கள் ஃப்ளெக்ஸைக் கொடுத்து, ஒரு முகமும் கட்டங்களும் அடித்துத் தரச் சொன்னார். அடித்ததை இவர் அளந்தார். நான் அதைச் சுருட்டிக்கொண்டு வெளியே வெயிலுக்குப் போனேன். விற்பனைக்காரருக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்றே புரியவில்லை.

ஆரஞ்சு மை இருந்தால் பட்டாசுப் பெட்டிச் சிவப்பு துள்ளும், வாஸ்தவம். ஆனால் சீசன் போக மற்ற மாதங்களில் எங்களுக்கு வருவது முகங்கள்தான். கல்யாணம், காது குத்து, புதுவீட்டுப் பால் காய்ச்சு. இளம் மெஜந்தா இருந்தால் கன்னத்தில் புள்ளி தெரியாமல் தோல் தோலாக இருக்கும். அத்தோடு, ஆரஞ்சு மாதிரி அதிகம் செலவாகாத மை குழாயில் காய்ந்துபோகும். இளம் நிறங்கள் உள்ளதையே வாங்கினோம். மை இறங்காவிட்டால் தானாக நின்றுவிடும் வசதியும் அதில் இருந்தது. அது கட்டாயம் வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

போன வருசம் ஊரில் அச்சுத் தொழில் செய்பவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. எண்களை வைத்து நிறம் பிடிப்பதைப் பற்றிப் பேச இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் அவருடைய அண்ணன். இவர் மைக்கைப் பிடித்து வணக்கம் சொன்னார். பிறகு, எனக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது, அதனால்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன் என்று ஆரம்பித்தார்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அப்புறம் ஒரு மணி நேரம் அவர் பேசியது முழுக்க மையும் ரோலும் எண்ணும்தான். முடிந்ததும் அண்ணன் வந்து அவர் தோளில் கை வைத்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு ஐம்பது வயது இருக்கும் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். ஆஃப்செட் அச்சகத்தில் மிஷின்மேன் என்று சொன்னார். விரல் நகமெல்லாம் மை. யாராவது நிற்கிறார்களா என்று பின்னால் பார்த்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். இது என் சம்சாரம்தான், சொல்லுங்க என்றார் இவர்.

"எனக்கும் அதுதாங்க, அண்ணாச்சி" என்றார் அவர். "இருவத்திரெண்டு வருசமா மிஷின் ஓட்டுறேன். பக்கத்து மிஷின்காரர்ட்ட, அண்ணே ஒரு பார்வ பாருங்க, எனக்குக் கண்ணாடி மாத்தணும்னு சொல்லியே ஓட்டிக்கிட்டு இருக்கேன். வீட்ல கூடத் தெரியாது."

இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். இன்னொன்றை இழுத்துத் தானும் எதிரில் உட்கார்ந்தார். பையிலிருந்து மீட்டரை எடுத்து, அவர் கையில் கொடுத்து, அங்கே ஒட்டியிருந்த ஒரு சுவரொட்டியில் வைக்கச் சொன்னார். அந்த மனுசர் அதை ஒரு குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு போய் வைத்தார். திரையில் வந்த எண்ணைச் சத்தமாகப் படித்தார். அது சிவப்பா பச்சையா என்று இவரிடம் கேட்டார். இவர் அதைச் சொல்லாமல், நடு எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் என்ன, கழித்தல் குறி இருந்தால் என்ன என்று விளக்கினார். மறுபடி வைத்துப் பார்த்தார் அவர். "அப்பச் செவப்பு" என்றார். சுவரொட்டியில் வேறொரு இடத்தில் வைத்தார்.

மண்டபத்துக்காரர் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். இந்த இரண்டை மட்டும் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். வாசலுக்கு வந்து மாமியாருக்குப் போன் போட்டு, நாங்கள் வர நேரமாகும், பிள்ளைக்குச் சோறு கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன்.